மணற்பாறை விரிசலும் ஓர் உருண்டை கிரீஸும்

கயிறு அறுந்துதான் மனிதர்கள் விழுகிறார்கள் என்று உலகம் நம்புகிறது. சினிமாவும் இந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்திருக்கிறது: மலை விளிம்பில் கதாநாயகன் தொங்குவான், கயிறு இழை இழையாகப் பிரியும், கடைசி இழையில் பின்னணி இசை நின்றுவிடும். கயிறும் கொக்கியும் பெல்ட்டும் விற்றே தலை நரைத்தவன் என்ற தகுதியில், கனத்த மனத்தோடு இதை மறுக்கிறேன். கூரான விளிம்பில் உரசாதவரை நல்ல கயிறு லேசில் அறுவதில்லை. அது எதில் கட்டப்பட்டிருக்கிறதோ அதுதான் பிடுங்கிக்கொண்டு வருகிறது. மனிதன் விழும்போது கயிறும் முழுசாக, ஒரு குறையும் இல்லாமல், அவனோடு கூடவே வந்து விழுகிறது.

இது தெரிந்து யாரும் என் கடைக்கு வருவதில்லை. ராமநாதபுரத்தில் செல்போன் டவர் ஏறுகிறவர்கள், உயரக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், படகுக்காரர்கள் என்று பலருக்கும் சாமான் கொடுக்கிறேன். மருந்தோ மளிகையோ செருப்போ, எதையாவது விற்றுப் பிழைக்கிற அன்பர்களே, கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு வாடிக்கையாளர் வேறொன்றைக் கேட்கும்போது உங்களுக்கும் நெஞ்சு எரிந்திருக்கும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனை கிலோ தாங்கும்?

ராமேஸ்வரத்தில் புது வீடு கட்டிய ஒருவர் ஊஞ்சலுக்குக் கொக்கி வாங்க வந்தார். கடையில் இருந்த எல்லாக் கொக்கியையும் எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து, "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். கடைசியில் ஒரு கார் தொங்கினாலும் அசையாத கொக்கியைத் தேர்ந்தெடுத்தார்.

"எதில் மாட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். ஹாலில், அலங்காரத்துக்காகப் போட்ட பொய்க்கூரையில் என்றார். அது அட்டைக்குச் சற்று அண்ணன் முறை ஆகும் பொருள், விளக்கைத் தவிர வேறெதையும் தாங்காது என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"கொக்கி உங்களுது, கூரை என்னுது. உங்களுதைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

உப்புக் காற்று

கடையில் எனக்குத் துணை சாகுல். ஏர்வாடிக்காரர். கத்தாரில் பல வருஷம் கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைத்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே தான் தொங்கிய கட்டடங்களின் உயரத்தைச் சொல்லும்போதெல்லாம் மாடிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஆனால் வேலையில் சுத்தம்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு: இந்தக் கரையில் எந்த உலோகத்தையும் கிரீஸ் இல்லாமல் விடக்கூடாது. "துருப்பிடிக்காத எஃகு" என்ற பெயரை நம்பி ஒரு படகுக்காரர் வாங்கிப்போன வளையம் மழைக்காலம் முடியும் முன் பழுப்பு வடியத் திரும்பி வந்தது. துருப்பிடிக்கத் தாமதிக்கும் எஃகு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொற்பொழிவாற்றினேன். சாகுல் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கிரீஸை உருட்டிப் போட்டு அவர் கையில் கொடுத்தார். அதிலிருந்து அது கடை வழக்கமாகிவிட்டது. இரும்புச் சாமான் வாங்குகிற எவருக்கும் ஓர் உருண்டை இலவசம். ஒருநாள், இது கொஞ்சம் அதிகமாக இல்லையா என்று கேட்டேன்.

"இங்கன அடிக்கிற காத்துக்கு மனுசனுக்கே வைக்கணும் முதலாளி. இரும்புக்கு வைக்காம விடலாமா?"

சட்டையைப் பிடிக்க ஓர் ஆள்

அபிராமத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற காத்தமுத்து அண்ணன் ஒரு காலையில் மகளோடு வந்தார். மகள் நாகஜோதி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். லீவில் வந்திருந்தாள். அங்கே விடுமுறை நாட்களில் பாறை ஏறுகிற கூட்டத்தோடு சேர்ந்து ஏறிப் பழகியிருக்கிறாள். இதுவரை வேறொருவர் மேலே போய்க் கட்டிக்கொடுத்த கயிற்றில் ஏறியவள், இப்போது முதல் ஆளாக ஏற ஆசைப்படுகிறாள். கர்நாடகத்தில், பாதாமிப் பக்கத்து மணற்பாறையில்.

முதல் ஆளாக ஏறுகிறவருக்கு மேலே கயிறு கிடையாது. கயிறு கீழே நிற்கிற தோழர் கையிலிருந்து வரும். ஏற ஏற, பாறையின் விரிசலில் ஒரு கருவியைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். கை தவறினால், கடைசியாகச் செருகியது தாங்க வேண்டும். பாறையில் ஆணி அடிப்பதில்லை. இறங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதையெல்லாம் நாகஜோதி சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். படித்திருக்கிறேன், ஆனால் அப்படி ஒரு பிறவியை நேரில் பார்த்தது அன்றுதான்.

"பெங்களூரிலேயே நல்ல கடைகள் இருக்குமேம்மா?" என்றேன்.

"இருக்கு சார். அய்யாதான் இங்கன வாங்கணும்னு நிக்கிறாரு. அவரு பார்த்துச் சரின்னாத்தான் போவேன்."

"சரியில்லை என்றால்?"

"போகலாம் சார், எனக்கு என்ன சின்ன வயசா? ஆனா பாதிப் பாறையில அய்யா மூஞ்சி ஞாபகத்துக்கு வந்துச்சுன்னா கை நடுங்கிரும். அங்கன கை நடுங்கக் கூடாது."

நான் காத்தமுத்து அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தார். பார்வை என் சட்டைக் காலரில் கொஞ்ச நேரம் நின்றது.

"பெங்களூர்க் கடைக்காரனை எனக்குத் தெரியாது தம்பி. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா போய்ச் சட்டையைப் பிடிக்க தெரிஞ்ச ஆளு வேணும்ல?"

சேற்றுக்கு எந்த டயர்

டவர் பெல்ட் அனுப்புகிற மொத்த வியாபாரியிடம் சொல்லிச் சாமான்களை வரவழைத்தேன். இரண்டு வகை. ஒன்று, கம்பியில் கோத்த உலோக ஆப்பு. விரிசல் கீழ்நோக்கி ஒடுங்குகிற இடத்தில் போட்டு இழுத்தால் சிக்கிக்கொள்ளும். காத்தமுத்து அண்ணனுக்கு இது உடனே பிடிபட்டது. மண்வெட்டிக்குக் காம்பு போடத் தெரிந்தவருக்கு ஆப்பைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இன்னொன்றுக்குக் கேம் என்று பெயர். ஒரு தண்டின் நுனியில் நான்கு வளைந்த பற்கள். தண்டில் உள்ள விசையை விரலால் இழுத்தால் பற்கள் சுருங்கும், விட்டால் விரியும். சுருக்கி விரிசலுக்குள் நுழைத்து விட்டுவிட்டால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

எந்த அளவு வாங்குவது என்பதில் வழக்கு வந்தது. நாகஜோதி போனில் விரிசல்களின் படம் வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் அளவுக்காக யாரோ ஒருவரின் விரலோ உள்ளங்கையோ முட்டியோ உள்ளே போயிருந்தது. காத்தமுத்து அண்ணன் சின்னக் கேம் ஒன்றை எடுத்து, இதுவே நன்றாக உள்ளே போகுமே என்றார்.

"கருங்கல்லா இருந்தா அது போதும்யா. இது மணலு இறுகிக் கல்லானது. சின்னப் பல்லு ஒரே இடத்துல அழுத்தும், கல்லு பொடிஞ்சிரும். அகலமான பல்லா இருந்தா அழுத்தம் பரவும். விளிம்புல வைக்காம உள்ள தள்ளி வைக்கணும். ஒண்ணை மட்டும் நம்பாம கூட இன்னொண்ணும் வைக்கணும்."

"சேத்துல போற டிராக்டருக்கு அகல டயரு மாதிரியா?"

"அதேதான்யா."

நான் அழுத்தம், பரப்பளவு, உராய்வு என்று ஒரு சிறு கட்டுரைக்கு ஆயத்தமானேன். அதற்குள் சாகுல் இரண்டு இரும்பு அலமாரிகளை நெருக்கி வைத்து, நடுவில் ஒரு கேமைச் செருகி, "இழுங்கண்ணே" என்றார். காத்தமுத்து அண்ணன் இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். இன்னும் இறுகியது. குனிந்து, கண்ணை இடுக்கில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருவரும் என் கடையில் கேட்டதில்லை.

"தம்பி, இது கல்லைப் பிடிக்குதா, கல்லு இதைப் பிடிக்குதா?"

மடைக் கல்

அலமாரி பாறை ஆகாது என்று காத்தமுத்து அண்ணன் சொன்னது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. நானும் சாகுலும் அவர் ஊருக்குப் போனோம். கண்மாய்க்குப் புது மடை கட்டியபோது பிடுங்கிப் போட்ட பழைய மணற்பாறைக் கற்கள் கரையோரம் கிடந்தன. பிடுங்காமல் விட்ட ஆள் உயரக் கற்கள் இரண்டு, நடுவே கை நுழைகிற இடைவெளியோடு அருகருகே நின்றன. மண்ணுக்குள் பாதி புதைந்திருந்ததால் ஆட்டம் இல்லை. நாகஜோதி நெஞ்சு உயரத்தில் ஒரு கேமை வைத்துக் கயிறு மாட்டினாள். முதலில் அவள் தொங்கினாள். பிறகு சாகுல், கத்தார்க் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே தொங்கினார். பிறகு காத்தமுத்து அண்ணனும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து கயிற்றைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தார்கள். கேம் இம்மியும் நகரவில்லை.

காத்தமுத்து அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்து, "சரி, போயிட்டு வா" என்றார். நாகஜோதி கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டியது கோணல்மாணலாக வந்தது, அவிழ்த்து மறுபடி சுருட்டினாள். கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"விரிசலுக்குள்ள பாம்பு கெடந்தா என்ன செய்யும்? அதையும் சேத்துப் பிடிக்குமா?"

நழுவிய சாமான்

அவள் பெங்களூர் பஸ் ஏற வேண்டிய நாள். மதியம் காத்தமுத்து அண்ணன் ஓர் உரச்சாக்கோடு கடைக்குள் நுழைந்து, மேசை மேல் கொட்டினார். எல்லாக் கேமும் கடகடவென்று விழுந்தன. பின்னால் நாகஜோதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கண்மாய் மண்.

"மச்சினன் வந்திருந்தான். காட்டுவோம்னு கல்லுல வச்சு உக்காந்தேன். வழுக்கிட்டு வந்துருச்சு. சூத்தாமட்டை பேந்துருச்சு தம்பி! தரைக்கு முழ உசரத்துல நான் விழுந்தேன். எம்புள்ள மலையில வச்சு விழுந்தா? இவ போகலை. சாமானை நீயே வச்சுக்க."

"அன்னைக்குப் பிடிச்சதுல்லய்யா?" என்றாள் நாகஜோதி.

"அன்னைக்குப் பிடிச்சது இன்னைக்குப் பிடிக்கலைன்னா, நாளைக்கு?"

ஒரு கேமை எடுத்தேன். விரல் கறுப்பானது. இன்னொன்றை எடுத்தேன். உள்ளங்கையும் கறுப்பானது. "அண்ணே, இதில் என்ன தடவினீர்கள்?"

"என்ன தடவுவாங்க? கிரீஸுதான். அங்கன போனா யாரு பாக்கப் போறா, துருப்பிடிச்சா என்னாகுறதுன்னு காலையில உக்காந்து ஒரு பல்லு விடாம, ஒரு இடுக்கு விடாம வச்சேன். பாய்தான் உருண்டை குடுத்தாரு."

சாகுல் மேலே சுற்றாத மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: இது அலுமினியம், எங்கள் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. சுவரில் உரசிக்கொண்டு நிற்பதுதான் இதன் பிடிப்பு. வேறெந்தப் பிடிப்பும் இதற்குக் கிடையாது. உரசல் போனால் எல்லாம் போயிற்று. காத்தமுத்து அண்ணன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். நகக்கண்களில் இன்னும் கறுப்பு இருந்தது.

"கையில எடுத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருக்கும்யா. அப்படியே கொண்டுபோய் வச்சிருக்க மாட்டேன்" என்றாள் நாகஜோதி. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சாகுல்தான் மின்விசிறியிலிருந்து கண்ணைக் கீழே இறக்கினார்.

"அண்ணே, உருண்டை என்னுது. அல்லாஹ் கேட்டா பாதியை என் கணக்குல வச்சுக்கச் சொல்லுங்க."

பல் துலக்கல்

மண்ணெண்ணெய் கொண்டுவா, டிராக்டர் பாகத்தைக் கழுவுகிற மாதிரி ஒரே முக்கில் போய்விடும் என்றார் காத்தமுத்து அண்ணன். நான் குறுக்கே பாய்ந்தேன். தண்டின் வாலில் தைத்திருக்கிற நாடா நைலான். மண்ணெண்ணெய் போன்ற எதையும் அதன் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று சாமானோடு வந்த கையேடு சொல்கிறது. கையேட்டை நான் முழுக்கப் படித்திருந்தேன். அப்படிப் படிக்கிற பழக்கத்துக்காக வீட்டிலும் கடையிலும் ஏச்சு வாங்கியவன், அன்று ஒரு நாள் தலை நிமிர்ந்து நின்றேன்.

டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்தோம். சோப்புத் தூளைக் கரைத்தோம். மளிகைக் கடையில் நான்கு பல் துலக்கும் பிரஷ். நாலு பேரும் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து தேய்த்தோம். அந்தப் பக்கம் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். காத்தமுத்து அண்ணன் ஒவ்வொரு பல்லையும் துணியால் துடைத்து, விரலால் உரசிப் பார்த்து, உள்ளங்கையில் கறுப்பு ஒட்டாத பிறகே அடுத்ததை எடுத்தார். காய்ந்ததும் பற்கள் சுழலும் அச்சில் மட்டும் நாகஜோதி ஏதோ ஒரு சொட்டு விட்டுத் துடைத்தாள். அந்தச் சொட்டு எங்கெல்லாம் போகும் என்று அவர் விசாரணை நடத்தினார்.

பிறகு கேமை அலமாரிகளுக்கு நடுவே தானே செருகி, நாடாவைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினார். அலமாரி முனகியது. கேம் நின்றது. எல்லாவற்றையும் எடுத்து மகளின் பையில் வைத்தார். ஒன்றை மட்டும், எல்லாவற்றிலும் பெரியதை, கடைசியாகத் துணியில் சுற்றி வைத்தார். நாகஜோதி துணியை விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"குங்குமம் தண்டுலதான் வச்சிருக்கேன் தாயி. பல்லுல இல்ல."

மழை

மணற்பாறையில் மழை பெய்தால் கல் நனைந்து வலுவிழக்கும். நன்றாகக் காயும்வரை ஏறக்கூடாது. போகிற போக்கில் நாகஜோதி அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. காலையில் ஒரு போன்: "பாதாமியில மழை இருக்கான்னு பாருங்க தம்பி." மதியம் ஒரு போன்: "மேகம் ஏதும் தெரியுதா?" என் போனில் அந்த ஊர் வானத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு ஓர் உத்தியோகமாகவே ஆகிவிட்டது. மேகம் இருக்கிறது, ஆனால் அது எந்த வகை மேகம் என்றால் என்று நான் தொடங்கினால், "இருக்கா இல்லையா?" என்று அதட்டுவார்.

நம் மாவட்டத்து விவசாயி வானத்தைப் பார்த்து என்ன கேட்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய் அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. ஏறப்போகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம், அங்கே வானம் வெளுத்திருக்கிறது, மழை கிடையாது என்று சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது.

"தம்பி, மழை வேண்டாம்னு நான் சொன்னதை இங்கன யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

விழுந்ததும் நின்றதும்

அடுத்த லீவில் நாகஜோதி அப்பாவோடு கடைக்கு வந்து, ஒரு கேமை மேசை மேல் வைத்தாள். பற்களின் வரிகளில் சிவப்பு மணல் அப்பியிருந்தது. ஒரு பல்லில் புதிதாய்ச் சிராய்ப்பு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கால் வழுக்கிவிட்டது, விழுந்தேன், இதுதான் நிறுத்தியது, கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு மறுபடி ஏறி முடித்தேன் என்று பஸ்ஸில் இடம் கிடைத்த கதையைப் போலச் சொன்னாள். அவள் அப்பாவுக்கும் அப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறாள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"குங்குமம் வச்சதா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. அது கீழ இருந்துச்சு. இது வேற."

அவர் கேமை எடுத்து விசையை இழுத்தார், விட்டார். நகத்தால் மணலைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். சட்டைக் காலரை அவர் பிடிக்கும் தூரத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"அன்னைக்குக் கேட்டேனே. இது கல்லைப் பிடிச்சுச்சா, கல்லு இதைப் பிடிச்சுச்சா?"

"ரெண்டும் இல்லய்யா. நான் விழுந்தேன்ல, அந்த இழுப்புலதான் பல்லு விரிஞ்சு இறுகும். நான் விழுந்ததாலதான் அது பிடிச்சுச்சு."

அவர் விசையை மறுபடி இழுத்து விட்டுப் பார்த்தார். அவள் ஒரு வரியில் சொன்னது கையேட்டில் எட்டுப் பக்கம் ஓடிய விஷயம்.

"அப்போ விழாம ஏறினா இம்புட்டும் சும்மாதான் கெடக்குமா?"

"ஆமாய்யா."

"சும்மாவே கெடக்கட்டும்."

கிரீஸ் டப்பாவைச் சாகுல், வாசலில் பல் துலக்கிய அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். கிரீஸ் காணாமல் துருவேறிய கடை ஷட்டரைத் தூக்க இப்போது காலையில் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.